கடைசி வரிசைக்குக் கேட்காமல்

“கொஞ்சம் வாயை மூடிக்கிறீங்களா?”

முன்பின் தெரியாத ஓர் ஆணிடம் ஒரு பெண் பேசும் முதல் வார்த்தை இப்படி இருக்கக் கூடாதுதான். ஆனால் அவள் என்ன செய்வாள்... இரண்டு நிமிடம் பத்து வினாடி வரை எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

பூட்டிக் கிடந்த ஒரு தையல் கடையின் தகரக் கூரைக்குக் கீழே நின்றிருந்தாள். காதில் ஹெட்போன். கையில் நீளமான கம்பு, அதன் நுனியில் கம்பளித் தொப்பி போட்ட மைக். தோளில் பதிவுக் கருவி. தகரத்தில் விழும் மழையை மூன்று நிமிடம் இடைஞ்சல் இல்லாமல் பிடிக்க வேண்டும். ஒரு படத்துக்குத் தேவைப்பட்டது. அந்த மூன்று நிமிடத்துக்காக நாலு நாளாக வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கு மழை வந்தது. கூடவே அவனும் வந்தான்.

தலைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் உறையைப் பிடித்தபடி தெருவைத் தாண்டி ஓடி வந்தவன், கூரைக்குள் நுழைந்ததும் உறையை மார்போடு அணைத்துக்கொண்டான். உள்ளே ஒரு கட்டுக் காகிதம். முடியிலிருந்து சொட்டிய தண்ணீரைத் துடைக்கக்கூட இல்லை. இரண்டடி முன்னே போனான். இரண்டடி பின்னே வந்தான். பிறகு ஆளில்லாத தெருவைப் பார்த்து முழங்கினான்.

“போறியா? போ. ஆனா கதவைச் சாத்திட்டுப் போகாத. சாத்துன கதவைத் தட்டற தைரியம் எனக்கு இல்ல...”

ஹெட்போனுக்குள் அந்தக் குரல் இடியாக இறங்கியது. அவளுக்கு ஒரு கணம் காது அடைத்தே போனது. அதற்கப்புறம்தான் அந்த ‘வாயை மூடிக்கிறீங்களா’.

அவன் திரும்பினான். ஓரிடத்தில் நிற்காத கண்கள்... மைக்கைப் பார்த்தன, ஹெட்போனைப் பார்த்தன, கம்பைப் பார்த்தன. கடைசியில் அவள் முகத்துக்கு வந்து, அங்கே மட்டும் கொஞ்சம் நின்றன.

“என்கிட்டயா சொன்னீங்க?”

“இங்க வேற யாராவது கத்துறாங்களா?”

“கத்தலைங்க. ஒத்திகை பாத்துட்டிருக்கேன்.”

“நான் மழையை ரெக்கார்ட் பண்ணிட்டிருக்கேன்.”

“மழையையா?” அவன் அண்ணாந்து தகரத்தைப் பார்த்தான். “அது எங்க போயிடப் போகுது? இன்னொரு தடவை எடுத்துக்குங்க.”

“மழைக்கு ரெண்டாவது டேக் கிடையாது சார்.”

பதில் சொல்ல வாயைத் திறந்தவன் என்ன நினைத்தானோ, மூடிக்கொண்டான். “சரி. நான் பேசலை. நீங்க எடுங்க.”

கருவியை நிறுத்தாமலே மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். அவன் பேசவில்லைதான். ஆனால் சும்மா நிற்க வேண்டுமே... ஒரு காலை மாற்றினான். உறையின் மேல் விரலால் தாளம் போட்டான். அவள் முறைத்தாள். விரல் நின்றது. அப்புறம் மழை மட்டும் பெய்தது. ஓரக்கண்ணால் பார்த்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி விறைப்பாக நின்றிருந்தான்.

இருபதாவது வினாடியில் மழை பட்டென்று நின்றுபோனது.

“நான் எதுவும் பண்ணலைங்க,” என்றான் அவசரமாக. “அது தானா நின்னுச்சு.”

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது அவளுக்கு. கம்பை மடக்குகிற சாக்கில் குனிந்துகொண்டாள். “யார்கிட்ட போய் இப்படிக் கத்தப் போறீங்க?”

பதினோரு வருடமாக நாடகம் போடுகிறானாம். எழுதுவதும் அவன், இயக்குவதும் அவன், நடிப்பதும் அவன். இருநூற்றுப் பன்னிரண்டு தடவை மேடையேறிய தன் நாடகத்தை இப்போது திரைக்கதையாக எழுதியிருக்கிறான். ஆறு மணிக்கு ஒரு தயாரிப்பாளரிடம் அதைப் படித்துக் காட்ட வேண்டும்.

“அவங்க எவ்வளவு தூரத்துல உக்காந்திருப்பாங்க?”

“தூரமா? மேஜைக்கு அந்தப் பக்கம்.”

“அப்புறம் எதுக்குத் தெருக்கோடி வரைக்கும் கேக்கற மாதிரி பேசறீங்க?”

“கடைசி வரிசைக்குக் கேக்கணும்ங்க. கடைசி வரிசைல உக்காந்தவனும் டிக்கெட் வாங்கிட்டுத்தானே வந்திருக்கான்?”

“மேஜைக்குக் கடைசி வரிசை ஏது சார்?”

அவன் அவளையே பார்த்தான். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஐயோ என்று முணுமுணுத்துக்கொண்டு ஈரத் தெருவில் ஓடினான். முனையில் திரும்பும்போது ஒரு தடவை... ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அவள் பார்க்காத மாதிரி நின்றாள்.

வீட்டுக்குப் போய்ப் போட்டுக் கேட்டாள். எதற்கும் உதவாத பதிவு. அழித்திருக்க வேண்டும்.

அவள் அப்பா முப்பது வருடம் மைக் செட் வாடகைக்கு விட்டவர். குழாய் ஒலிபெருக்கிக்குப் பக்கத்திலேயே வாழ்ந்து, இடது காது சுத்தமாகப் போய், வலது காதில் பாதி மிச்சம். வீட்டில் எல்லாருமே சத்தம் போட்டுத்தான் பேசியாக வேண்டும். அதனால்தானோ என்னவோ, அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே சன்னமான சத்தங்கள் மேல் ஒரு கிறுக்கு. துணி மடிக்கிற சத்தம், பேனா மூடி திறக்கிற சத்தம், யாரோ பேச வந்து பேசாமல் விடுகிற மூச்சு... இவற்றைப் பிடிப்பதையே தொழிலாக்கிக்கொண்டாள். படப்பிடிப்புகளில் அவளுக்குக் ‘காது’ என்றே பெயர்.

ஆனால் இந்தக் குரல் அப்பாவின் பாதிக் காதுக்கே கேட்டுவிட்டது. அடுத்த அறையிலிருந்து எழுந்து வந்தார்.

“இது அந்த நாடகக்காரன்ல? இவனுக்கு நாலு தடவை செட் போட்டுக் குடுத்திருக்கேன். மைக்கே வேண்டாம்பான். நம்ம பொழப்புல மண்ணள்ளிப் போடறதுக்குன்னே பொறந்தவன்.”

“ஒரு தடவை வந்து டேக்கைக் கெடுத்துட்டுப் போனான்ப்பா.”

“அப்ப அழிச்சிட வேண்டியதுதானே?”

“அழிக்கறேன்.”

அழிக்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று மாதம் ஓடிப்போனது.

ஒரு படத்துக்குக் கூப்பிட்டார்கள். புது இயக்குநர், அவரே கதாநாயகன், முழுப் படமும் ஒரே வீட்டுக்குள் என்றார்கள். அவள் மைக் பெட்டிகளோடு அந்த வீட்டுப் படியேறும்போதே மாடியிலிருந்து குரல் கேட்டது. கேட்டதும் படியிலேயே நின்றுவிட்டாள். நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது... பெட்டி கனம்தான் காரணம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இறங்கி வந்தவன் அவளைப் பார்த்தான். முகம் முழுக்க வெளிச்சமானது.

“மழை நின்னது என்னால இல்லைங்க,” என்றான்.

முதல் நாளே ஒரு கூத்து நடந்தது. 

ஒவ்வோர் அறைக்கும் அதற்கென்று ஒரு நிசப்தம் உண்டு. ஜன்னல் இடுக்கில் வரும் காற்று, சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய், எங்கோ உறுமும் ஃபிரிட்ஜ்... எல்லாம் சேர்ந்த நிசப்தம். பின்னால் படத்தைத் தொகுக்கும்போது வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவே வைத்து ஒட்ட அது வேண்டும். அதனால் ஒரு காட்சி முடிந்ததும் எல்லாரும் நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஆடாமல் அசையாமல் நிற்க, அந்த வெறும் அறையின் சத்தத்தைப் பதிவு செய்துகொள்வார்கள். ரூம் டோன் என்பார்கள். அந்த ஒரு நிமிடம் மட்டும் படப்பிடிப்பில் அவள் வைத்ததுதான் சட்டம்.

அன்று அவன் பக்கத்து அறையில், தன் முறை வருவதற்காகக் கதவுக்குப் பின்னால் காத்திருந்தான். அவள் ‘ரூம் டோன்’ என்று சொன்னது அவன் காதில் விழவில்லை. அவனுக்குக் கேட்டதெல்லாம் கதாநாயகி திடீரென்று பேச்சை நிறுத்தியதும், அப்புறம் ஈ ஆடாத அமைதியும்தான்.

மேடையில் அப்படி அமைதி விழுந்தால் ஒரே அர்த்தம்தான். யாரோ வசனத்தை மறந்துவிட்டார்கள்.

கதவிடுக்கு வழியாக அவன் எடுத்துக் கொடுத்தான். “சாவியை மேஜை மேல வெச்சிருக்கேன்...” பதில் இல்லை. இன்னும் கொஞ்சம் பலமாக, “சாவியை... மேஜை மேல...”

அசையாமல் நின்ற கதாநாயகியின் தோள் குலுங்க ஆரம்பித்தது. கேமராக்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டார். விளக்குப் பிடித்திருந்தவர் வாய்விட்டே சிரித்துவிட்டார். மொத்த வீடும் சிரித்தது. அவன் கதவைத் திறந்துகொண்டு வந்து, என்ன தப்பு நடந்தது என்று தெரியாமல் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

அவள் ஹெட்போனைக் கழற்றி விஷயத்தைச் சொன்னாள்.

“ஒரு நிமிஷம் மௌனம்னா சொல்லிட்டுச் செய்யுங்கம்மா,” என்றான் அவன். “யாரோ போயிட்டாங்களோன்னு பதறிட்டேன்.”

“போனது என் டேக்தான் சார். ரெண்டாவது தடவை.”

அன்றிலிருந்து அவனுக்கு ‘மேடை’ என்று பெயர் விழுந்தது. முன்னால் யாரும் சொல்வதில்லை. அவனுக்குத் தெரியாமலும் இல்லை.

பாவம், அவனும் பாடாய்ப் பட்டான். கண்ணில் கோபம் காட்டச் சொன்னால் தோள் வரைக்கும் காட்டினான். ஒரே காட்சியை ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி நடித்தான். மேடையில் அது பெருமை. இங்கே போன டேக்கில் வலது கையில் இருந்த தம்ளர் இந்த டேக்கில் இடது கைக்குப் போய்விட்டதே என்று சண்டைக்கு வந்தார்கள். குரலோ... அவள் மீட்டரின் முள் சிவப்பிலேயே குடியிருந்தது.

ஒரு நாள் அவன் சட்டைக் காலரில் மைக்கைக் குத்தும்போது மெதுவாகச் சொன்னாள். “கடைசி வரிசையை மறந்துடுங்க சார். இங்க நான் ஒருத்திதான் கேட்டுட்டிருக்கேன். எனக்குக் கேட்டா போதும்.”

“உங்களுக்கு எவ்வளவு மெதுவாப் பேசினாக் கேக்கும்?”

“நீங்க நினைக்கறதுக்கு முந்தின சத்தமே கேக்கும்.”

இதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் தோன்றியது. அவன் கண்கள் ஓடாமல் நின்றன. இவ்வளவு பக்கத்தில் அவை பழுப்பு நிறம் என்று தெரிந்தது. அவள் கிளிப்பை வேறு பொத்தானுக்கு மாற்றினாள். அவசியமே இல்லை. சும்மா மாற்றினாள்.

அடுத்த டேக்கில் அவன் பேசியது அறையில் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. கேமராக்காரர் பதறிப்போய் அவளைப் பார்த்தார். அவள் கட்டை விரலை உயர்த்தினாள். ஹெட்போனுக்குள் அந்தக் குரல், தலையணையில் தலை வைத்துப் பேசுகிறவன் குரலாக, அவ்வளவு பக்கத்தில்... அன்று சாப்பாட்டு நேரத்தில் அவளுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

அவள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ‘கட்’ சொன்ன மறு நொடியே நடிகரின் காலர் மைக்கை முழுதாகக் குறைத்துவிட வேண்டும். ஒரு மனிதர் தனியாக என்ன முணுமுணுக்கிறார் என்று கேட்க நமக்கு உரிமை கிடையாது. இதையும் அவனிடம் சொல்லியிருந்தாள். ஒரு நாளும் அவள் அதை மீறியதில்லை. மீறாமல் இருப்பது நாளுக்கு நாள் கஷ்டமாகிக்கொண்டே போனது, அது வேறு கதை.

படத்தின் உச்சக்காட்சி வந்தது. மனைவி வீட்டை விட்டுப் போகிறாள். வாசலில் நின்று கணவன் பேசுகிறான். அதே ‘கதவைச் சாத்திட்டுப் போகாத’. இரண்டரைப் பக்க வசனம். இருநூற்றுப் பன்னிரண்டு தடவையும் கைதட்டல் வாங்கிக்கொடுத்த வசனம். இந்த வசனத்துக்காகத்தான் படமே.

காலையிலிருந்தே அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாடிக்குப் போனான், இறங்கினான், நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தான். ஏழாவது டேக்கில் உயிரைக் கொடுத்துப் பேசினான். முடிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். கதாநாயகிக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் மட்டும் கைதட்டவில்லை. அவன் அவளைத்தான் பார்த்தான்.

“காது என்ன சொல்லுது?”

“சவுண்டு ஓகே சார்.”

“சவுண்டை விடுங்க. சீன் எப்படி?”

அவள் தயங்கினாள். பொய் சொல்லியிருக்கலாம். நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை... நாக்கு எழவில்லை.

“பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு நாலு செகண்ட் சும்மா நின்னீங்க சார். மூச்சு உள்ள போய் வெளிய வரவே இல்ல. எனக்கு அதுலயே எல்லாம் புரிஞ்சுடுச்சு. அதுக்கப்புறம் நீங்க பேசினது...” என்று இழுத்தாள்.

“பேசினது?”

“தேவைப்படல.”

அவன் முகம் வெளிறிச் சிவந்தது.

“இருநூத்திப் பன்னெண்டு தடவை கைதட்டு வாங்குன வசனம் மேடம் இது. மைக்கை நீங்க பாருங்க. கதையை நான் பாத்துக்கறேன்.”

“சரிங்க சார்.”

அவ்வளவுதான் சொன்னாள். அத்தனை பேர் முன்னால் அவன் ஒரு தடவைகூட அவளை மேடம் என்று இப்படிக் கூப்பிட்டதில்லை. கண்ணில் நீர் முட்டியது. வயரைச் சுருட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

அதற்கப்புறம் பத்து நாள். ‘ஓகே’, ‘நாட் ஓகே’. இந்த இரண்டு சொல்லைத் தவிர அவள் அவனிடம் எதுவும் பேசவில்லை. காலரில் மைக் குத்தும்போது பொத்தானை மட்டும் பார்த்தாள். அவனுக்கோ மன்னிப்புக் கேட்க வாய் துறுதுறுத்தது. அவள் பக்கத்தில் வருவான், தொண்டையைச் செருமுவான், வானிலையைப் பற்றி ஏதாவது கேட்பான், போய்விடுவான். பக்கம் பக்கமாக வசனம் எழுதுகிற ஆளுக்கு, ‘மன்னிச்சிடுங்க’ என்ற ஒற்றைச் சொல் எழுத வரவில்லை.

பதினோராவது நாள், அதுவரை எடுத்ததைத் தொகுத்துத் தயாரிப்பாளருக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்த அம்மா அதிகம் பேசாதவர். உச்சக்காட்சி முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“முக்கால் மணி நேரம் ஒரு வீட்டுக்குள்ள இருந்தேன் தம்பி. கடைசில கொண்டுபோய் நாடகக் கூட்டத்துல உக்கார வெச்சுட்டியே.”

வீட்டைத் திருப்பிக் கொடுக்க ஒரே ஒரு நாள் பாக்கி. நாளைக்குள் அந்தக் காட்சியை மறுபடி எடுத்துச் சரி செய்தால் படம் அவனுடையது. இல்லையென்றால் வேறு இயக்குநரை வைத்து முடிவை மாற்றிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். நாடகக் குழுவில் அவன் வேடத்தை ஏற்கெனவே இன்னொருவர் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் போக மேடையும் இல்லை.

அன்று சாயங்காலம் மழை. அவள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. திறந்தவர் அப்பா.

“யாரு?”

“சார்... நாடகம் போடுவேனே...”

“தெரியுது, தெரியுது. உன் குரல் மட்டும்தான் எனக்குக் காது மிஷின் இல்லாமக் கேக்குது. இப்பவாவது மைக் வெச்சுக்கறியா?”

“உங்க பொண்ணுதான் வெச்சு விடறாங்க சார்.”

அப்பா அவனை மேலும் கீழும் பார்த்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றிருந்தான். “துண்டு எடுத்துக் குடும்மா,” என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு, தன் நாற்காலிக்குப் போய்விட்டார்.

துண்டை நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். துடைக்கவில்லை.

“அந்த மழை... நான் கெடுத்தேனே. அது இன்னும் இருக்கா?”

ஏன் என்று அவள் கேட்கவில்லை. கணினியைத் திறந்து, ஹெட்போனை எடுத்து அவனிடமே கொடுத்தாள். அவன் கண்ணை மூடிக் கேட்டான். தகரத்தில் மழை. திடீரென்று அவன் முழக்கம். அவன் முகம் சுளித்தது. பிறகு அவள் திட்டியது, சண்டை... அப்புறம் அந்த இருபது வினாடி. மழை. மழைக்குக் கீழே இரண்டு பேரின் மூச்சு. ஒன்று கொஞ்சம் வேகமாக, ஒன்று பிடித்து வைத்துக்கொண்டு.

அந்த இடத்தை மறுபடி ஓட்டச் சொன்னான். இன்னொரு தடவை. ஹெட்போனைக் கழற்றியபோது அவன் கண் ஈரமாக இருந்தது. மழைத் தண்ணீராகவும் இருக்கலாம்.

“நான் பேசாத இடம்தான் நல்லாருக்கு,” என்றான்.

அவள் ஹெட்போன் வயரைச் சுருட்டி வைத்தாள்.

“அந்த ரெண்டரைப் பக்கத்தைக் கிழிக்கணும்னா என்னையே கிழிக்கற மாதிரி இருந்துச்சுங்க. அந்தக் கோபத்தை உங்க மேல காட்டிட்டேன். மன்னிச்சிடுங்க.”

கடைசிச் சொல் பழக்க தோஷத்தில் கடைசி வரிசை வரைக்கும் போய்விட்டது. “என்னப்பா தப்பு பண்ணே?” என்று உள்ளிருந்து அப்பா கேட்டார். இருவருமே சிரித்துவிட்டார்கள். பத்து நாள் கழித்து அவள் முதல் தடவையாகச் சிரித்தாள்.

வாசலில் செருப்பு மாட்டும்போது அவன் திரும்பினான். “கெட்டுப்போன டேக்தானே... ஏன் அழிக்காம வெச்சிருக்கீங்க?”

“டிஸ்க்குல இடம் இருந்துச்சு.”

அவன் தலையாட்டிக்கொண்டு போனான். கதவைச் சாத்திவிட்டு அவள் அதன் மேல் சாய்ந்து நின்றாள். இடம் இருந்ததாம், இடம்... சொல்லத் தெரியாத ஜென்மம் அவன் மட்டும்தானா?

மறுநாள் மதியத்துக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். தயாரிப்பாளர் அம்மா காலையிலேயே வந்து மூலையில் உட்கார்ந்துவிட்டார். அவன் கையில் காகிதம் இல்லை. “வசனம் எங்க சார்?” என்று கதாநாயகி கேட்டாள். “இல்லம்மா. நீ பெட்டியை எடுத்துட்டுப் போ. அவ்வளவுதான்.”

கேமரா ஓடியது. மனைவி போனாள். அவன் வாசலுக்கு வந்து நின்றான்.

அவளுக்குத் தெரியும், அவன் உடம்பில் ஒவ்வோர் அணுவும் பேசத் துடிக்கிறது என்று. அந்த இரண்டரைப் பக்கமும் அவன் தொண்டையில் வந்து முட்டுவது காலர் மைக்கில் கேட்டது. ஒரு மூச்சு உள்ளே போனது. எச்சில் விழுங்கினான். மூச்சு வெளியே வரவில்லை... காற்றில் கதவு மெதுவாகச் சாத்திக்கொள்ளப் போனது. அவன் பதறி, காலில் இருந்த செருப்பைக் கழற்றிக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே வைத்தான். கதவு அதில் முட்டி நின்றது. ஒரு காலில் செருப்பும் மறு கால் வெறுங்காலுமாக, அந்த இடுக்கு வழியாகத் தெருவைப் பார்த்தபடி நின்றான்.

“கட்,” என்றார் கேமராக்காரர்.

யாரும் கைதட்டவில்லை. மூலையில் தயாரிப்பாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “படத்தை முடிச்சுக் குடு தம்பி,” என்றார். கைதட்டல் இல்லாமலே தான் ஜெயித்துவிட்டது அவனுக்குப் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது.

“ரூம் டோன்,” என்றாள் அவள். “கடைசித் தடவை. யாரும் அசையாதீங்க.”

எல்லாரும் நின்ற இடத்தில் நின்றார்கள். அவனும் கதவருகே, ஒற்றைச் செருப்போடு. வழக்கப்படி அவன் மைக்கைக் குறைக்க அவள் விரல் போனது... போய், கருவியின் பொத்தான் மேல் நின்றுவிட்டது. இதற்கப்புறம் இந்தக் குரல் எங்கே கேட்கும்? இன்னும் ஒரே நிமிடம்... அவன் மூச்சையாவது கேட்டுக்கொள்கிறேனே. தப்புதான். தெரிந்தே செய்தாள்.

பத்து வினாடி. இருபது. ஜன்னல் இடுக்கில் காற்று. சுவருக்குள் தண்ணீர்.

நாற்பதாவது வினாடியில், உதடு அசைவது யாருக்கும் தெரியாமல் தெருப்பக்கம் முகத்தைத் திருப்பியபடி, அவன் பேசினான்.

“குறைச்சிருப்பீங்க... உங்க வழக்கம் தெரியும். குறைச்சிருந்தா ஒண்ணும் ஆகப் போறதில்ல, இது எனக்குள்ளயே இருக்கட்டும். குறைக்கலைன்னா கேளுங்க. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. மழை நின்ன அன்னைலேருந்து. இது கடைசி வரிசைக்கு இல்ல. உங்களுக்குக் கேட்டாப் போதும்.”

அவளால் அசைய முடியாது. அவள் போட்ட சட்டம். அறையில் இருபது பேர் சிலையாக நிற்கிறார்கள், ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் காதுக்குள் மட்டும் உலகமே பேசி முடித்திருந்தது. நெஞ்சு அடித்த அடியில் அதுவும் பதிவாகிவிடுமோ என்று பயந்தாள். ஐம்பது. அறுபது.

“ஓகேயா?” என்றார் கேமராக்காரர்.

அவன் திரும்பவில்லை. ஆனால் அவன் முதுகு காத்திருந்தது. ‘ஓகே’ என்று சொன்னால் அவள் காதில் எதுவும் விழவில்லை என்று அர்த்தம். அவனுக்கும் அது தெரியும், அவளுக்கும் தெரியும்.

“நாட் ஓகே,” என்றாள்.

அவனுக்கு ஒரு கணம் தூக்கிவாரிப் போட்டது.

“என்ன காது, பரம நிசப்தமா இருந்துச்சே. என்ன கேட்டுச்சு உனக்கு?”

“யாரோ பேசினாங்க. இன்னொரு தடவை எடுக்கணும். அதுக்கு முன்னாடி சார் மைக்கைக் கொஞ்சம் பாக்கணும்.”

ஹெட்போனைக் கழுத்தில் இறக்கிவிட்டு அவள் கதவருகே போனாள். எல்லார் முன்னாலும் அவன் காலரில் கை வைத்தாள். கிளிப் சரியாகத்தான் இருந்தது. அவன் கண்கள் அவள் முகத்திலேயே இருந்தன, எங்கும் ஓடவில்லை. அவள் மைக்குக்கு மிக அருகே குனிந்தாள்.

“எனக்கும்தான்,” என்றாள். “அன்னைலேருந்தே. அதான் அழிக்கலை.”

திரும்பி வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். “ரூம் டோன். ரெண்டாவது தடவை.”

அந்த நிமிடம் முழுக்க அவன் அசையவில்லை. கால் மாற்றவில்லை, விரலால் தாளம் போடவில்லை. ஹெட்போனுக்குள் அவன் மூச்சு சீராகப் போய் வந்துகொண்டிருந்தது.

பதிவுத் தாளில் அன்றைய கணக்கை அவள் எழுதினாள். ரூம் டோன், டேக் இரண்டு: ஓகே. டேக் ஒன்று: நாட் ஓகே. காரணம் என்ற கட்டத்தில் ‘பேச்சு’ என்று எழுதினாள். கொஞ்சம் யோசித்து, பக்கத்திலேயே இன்னொரு வரியும் சேர்த்தாள்.

அழிக்க வேண்டாம்.